ஸ்ட்ராபெரிக்கும் ஈரக் கரண்டிக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டு, பதினைந்து நிமிடம் பேச வேண்டும், எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்டார்கள். ஸ்ட்ராபெரியை வீட்டில் கெடாமல் வைத்திருப்பது பற்றி என்றேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதுக்குப் பதினைந்து நிமிடமா, அம்மா?" என்றார் அந்தத் தம்பி. எனக்கோ பதினைந்து நிமிடம் பத்துமா என்று கவலை. முப்பது வருடம் மனையியல் சொல்லிக் கொடுத்தவள் நான். ஊறுகாய், வடகம், வற்றல் எல்லாவற்றையும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆனால் என்னை அழ வைத்த பண்டம் என்றால் அது ஸ்ட்ராபெரி ஒன்றுதான். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மாணவிகளை அழைத்துக்கொண்டு குன்னூர் போயிருந்தோம். திரும்பும் வழியில் ஒரு தோட்டத்துக்காரர் சின்னக் கூடையில் ஸ்ட்ராபெரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூரில் அப்போது அந்தப் பழத்தைப் பார்ப்பதே அபூர்வம். படத்தில் பார்த்திருப்போம், ஐஸ்கிரீமில் அதன் பெயரைப் படித்திருப்போம், அவ்வளவுதான். கையில் இருந்த பணத்தை எண்ணிப் பார்த்து ஒரு கிலோ வாங்கினேன். பஸ்ஸில் மடியை விட்டு இறக்கவில்லை. இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குத் தலை சுற்றியதே தவிர, கூடை சாயவில்லை.

வீட்டில் அம்மாவிடம் கொடுத்தேன். அது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் குழந்தைகள் வருகிறார்கள், அதுவரை யாரும் தொடக் கூடாது என்பது ஏற்பாடு. அம்மா அந்தப் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த மண்ணுல கெடந்துச்சோ, எத்தன கை பட்டுச்சோ, கண்ணு" என்று சொல்லிக்கொண்டே மூன்று தண்ணீரில் அலசினார். கத்தரிக்காய்க் காம்பைக் கிள்ளுவது போல ஒவ்வொன்றின் பச்சைத் தொப்பியையும் கிள்ளி எடுத்தார். எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, மூடியை அழுத்தி மூடி, ஃப்ரிட்ஜில் வைத்தார். அவ்வளவு அக்கறை! ஊரிலிருந்து வரும் பேரப்பிள்ளைகளுக்காயிற்றே.

ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்து சம்படத்தைத் திறந்தோம். குழந்தைகள் சுற்றிலும் நிற்கிறார்கள். மேலாக இருந்த பழங்கள் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு படர்ந்திருந்தது. அடியில் இருந்தவை சிவப்புச் சாற்றில் மிதந்தன. அண்ணனின் சின்ன மகள், "அத்தை, இதுக்கு முடி முளைச்சிருக்கு" என்றாள். நான் சமையலறைக்குள் போய் அழுதேன். இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு அது என் சம்பளத்தில் வாங்கிய பழம்.

அம்மா பின்னாலேயே வந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஊறுகாய் ஜாடிக்குள்ள ஈரக் கரண்டியப் போட்டா உங்க கையில அடிச்சவ நான். இதுல நானே ஈரக் கரண்டியப் போட்டுட்டேன், கண்ணு" என்றார்.

நேயர்களே, நான் படித்த உணவுப் பாதுகாப்புப் பாடம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. இன்றைக்கு நான் சொல்லப் போவதும் அதற்கு மேல் இல்லை. ஈரம். ஸ்ட்ராபெரியைக் கெடுப்பது ஈரம்.

ஏன் இந்தப் பழத்துக்கு மட்டும் இவ்வளவு பாடு? வாழைப்பழத்துக்குத் தோல் உண்டு, மாதுளைக்கு ஓடு மாதிரித் தோல். ஸ்ட்ராபெரிக்கு உரிக்கிற தோலே கிடையாது. 100 கிராம் பழத்தில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர், அதை மூடி ஒரு மெல்லிய படலம். மேலே எள் ஒட்டினது போல விதைகள் இருக்கின்றன அல்லவா? ஒரு பழத்தில் சுமார் 200 இருக்கும். தாவரவியல்காரர்களைக் கேட்டால், அந்த எள் ஒவ்வொன்றும்தான் உண்மையான கனி, நாம் தின்கிற சிவப்புச் சதை பூவின் அடிப்பகுதி வீங்கினது என்பார்கள். அது எப்படியோ போகட்டும். நமக்கு வேண்டிய விஷயம், ஒவ்வொரு எள்ளும் ஒரு சின்னக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. கழுவினால் குழிக்குக் குழி தண்ணீர் தங்கும். தக்காளியைத் துடைப்பது போல இதைத் துடைத்துவிட முடியாது.

அந்தச் சாம்பல் பஞ்சு இருக்கிறதே, அதற்குப் பெயர் போட்ரைட்டிஸ். நம் வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் செடியில் பூ பூக்கும்போதே உள்ளே புகுந்து சத்தமில்லாமல் காத்திருக்கும். பழம் கனிந்து, நசுங்கி, ஈரமும் கிடைத்தால் எழுந்துவிடும். ஃப்ரிட்ஜ் குளிரிலும் அது வளரும், மெதுவாக வளரும், அவ்வளவுதான். இதே பூஞ்சை பிரான்சிலும் ஹங்கேரியிலும் சில திராட்சைத் தோட்டங்களில் படர்ந்தால் தோட்டக்காரர்கள் சந்தோஷப்படுகிறார்கள். திராட்சை சுண்டி இனிப்பு ஏறி, விலை கூடிய ஒயின் ஆகிறது. ஸ்ட்ராபெரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பழமே பயணத்துக்கு லாயக்கில்லாதது என்பதற்கு எனக்குப் பிடித்த ஒரு கதை உண்டு. மாணவிகளுக்கு வருடா வருடம் சொல்வேன், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு நாம் சாப்பிடும் பெரிய ஸ்ட்ராபெரி முந்நூறு வருடங்களுக்கு முன் உலகத்திலேயே இல்லை. ஐரோப்பாவில் இருந்தது காட்டில் விளையும் பொடிப் பழம். ஃப்ரெசியே என்று ஒரு பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். ஸ்பெயின்காரர்களின் கோட்டைகளை வேவு பார்க்கத் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக் கடற்கரைக்கு அவரை அனுப்பினார்கள். போன இடத்தில் பெரிய பெரிய ஸ்ட்ராபெரிகளைப் பார்த்துவிட்டார். பழத்தை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் கப்பலில் வர முடியுமா? செடியாகக் கொண்டுவந்தார். குடிநீரே அளந்து கொடுக்கும் கப்பலில் செடிக்கும் தண்ணீர் ஊற்றி, 1714-இல் ஐந்து செடிகளை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தார். வந்தவை எல்லாம் பெண் செடிகள், தனியாகக் காய்க்கவில்லை. பக்கத்தில் வட அமெரிக்க ஸ்ட்ராபெரி நின்ற இடங்களில்தான் காய்த்தன. அந்த இரண்டும் கலந்து பிறந்ததுதான் நம் பழம். வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சு மொழியில் ஸ்ட்ராபெரிக்கு ஃப்ரேஸ் என்று பெயர். அவர் பெயர் ஃப்ரெசியே. பெயர் ராசி!

சரி, கப்பலை விட்டு இறங்குவோம். நமக்கு இன்று கடைகளில் கிடைப்பதில் நிறைய மகாராஷ்டிரத்தில் சாத்தாரா மாவட்டத்து மகாபலேசுவரத்திலிருந்து வருகிறது. 2010-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். மார்கழியில் தொடங்கிப் பங்குனி வரை தாராளமாக வரும். அங்கிருந்து கோயம்புத்தூருக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைகிறது, அருகில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மற்றவர்கள் வாங்கும் டப்பாவில் பழத்தின் ஆயுளில் பாதி வழியிலேயே போயிருக்கும். வணிகர்கள் பறித்தவுடன் குளிரூட்டி, சைபர் டிகிரி ஒட்டி வைத்தால் ஒரு வாரம் ஓட்டுகிறார்கள். நம் வீட்டு ஃப்ரிட்ஜ் நாலு டிகிரியில் இருந்தாலே பெரிது.

அதனால் முதல் வேலை கடையிலேயே. டப்பாவைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. மேல் வரிசையை எல்லாரும் அழகாகத்தான் அடுக்குவார்கள், கதை அடியில் இருக்கிறது. அடியில் போட்ட காகிதம் சிவந்து நனைந்திருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இன்னொன்று, காம்புப் பக்கம் வெள்ளையாக இருக்கும் பழத்தை 'வீட்டில் வைத்தால் பழுத்துவிடும்' என்று வாங்காதீர்கள். சப்போட்டாவை அரிசிப் பானைக்குள் புதைப்போம், மாங்காயை வைக்கோலில் போடுவோம், பழுக்கும். ஸ்ட்ராபெரி பறித்த பிறகு நிறம் வேண்டுமானால் கொஞ்சம் கூடும், இனிப்பு ஏறாது. செடியில் இருந்தபோது என்னவோ அதுதான்.

வீட்டுக்கு வந்ததும், காப்பி குடிக்கும் முன்னாலேயே, டப்பாவை ஒரு தாம்பாளத்தில் கவிழ்த்துங்கள். கொட்ட வேண்டாம், மெல்லச் சரியுங்கள். பூஞ்சை கண்டது இருந்தால் முழுப் பழத்தையும் எறியுங்கள். அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுத் தின்னலாம் என்று நினைக்க வேண்டாம், இவ்வளவு மெத்தென்ற பழத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். நசுங்கினவற்றைத் தனியாக வையுங்கள், அவை இன்று ராத்திரிக்கு. மிச்சம் இருக்கும் கெட்டியான பழங்கள்தான் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டியவை. பச்சைத் தொப்பி அப்படியே இருக்கட்டும். கழுவ வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், கழுவ வேண்டாம்.

அகலமான டப்பா ஒன்று எடுத்து, பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து அடியில் விரியுங்கள். டிஷ்யூ காகிதமும் ஆகும், எனக்கு வேட்டித் துணிதான் திருப்தி. பழங்களை ஒரே வரிசையாகப் பரப்புங்கள், ஒன்றன் மேல் ஒன்று ஏற வேண்டாம். மேலே மூடியைச் சாய்த்து வையுங்கள், அழுத்தி மூடாதீர்கள். திறந்தே வைத்தால் ஃப்ரிட்ஜ் காற்றில் பழம் சுருங்கிப் போகும், இறுக மூடினால் மூடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துப் பழத்தின் மேலேயே சொட்டும். அம்மாவின் சம்படத்தில் நடந்தது அதுதான். துணி நனைந்திருந்தால் மாற்றுங்கள். இப்படி வைத்து என் வீட்டில் நாலைந்து நாள் தாங்குகிறது, நல்ல பழமாக அமைந்தால் ஒரு வாரமும் போகும்.

இதிலே எல்லாரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. சாப்பாட்டு மேசைக்கு டப்பாவோடு எடுத்து வருவார்கள். ஆளுக்கு நாலு எடுத்துக்கொண்டு, அரை மணி கழித்து மிச்சத்தைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைப்பார்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வெளியே வந்ததும் வியர்க்கிறதே, பழமும் அப்படித்தான் வியர்க்கும். கழுவாமல் பத்திரப்படுத்தினதெல்லாம் அந்த அரை மணியில் போச்சு. வேண்டியதை மட்டும் எடுங்கள், டப்பா உள்ளேயே இருக்கட்டும்.

கழுவுவதே வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்பீர்கள். ஐயோ, இல்லை! தரையை ஒட்டி விளைகிற பழம், மருந்து அடித்திருப்பார்கள், அம்மா சொன்ன மாதிரி எத்தனை கை பட்டதோ. கட்டாயம் கழுவ வேண்டும், தின்பதற்குச் சற்று முன்னால். ஓடும் தண்ணீரில், தொப்பியோடு. அலசி முடித்த பிறகு தொப்பியைக் கிள்ளுங்கள். முதலில் கிள்ளினால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்ப் பழம் சப்பென்று ஆகிவிடும்.

வினிகர் தண்ணீரில் முக்கி வைத்தால் பல நாள் இருக்கும் என்கிறார்களே என்று என் பழைய மாணவிகள் கேட்கிறார்கள். ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர், ஓரிரு நிமிடம் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி எடுப்பது. பூஞ்சையின் வித்துகள் குறையும், பொய் இல்லை. ஆனால் அப்புறம் அந்தக் குழிகள் எல்லாம் காய வேண்டுமே? மின்விசிறிக்கு அடியில் துணி விரித்து ஒரு மணி நேரம் காவல் காக்கப் பொறுமை இருந்தால் செய்யுங்கள். முக்கால்வாசிப் பேர் ஈரத்தோடு டப்பாவில் போட்டுவிட்டு, வினிகர் ஏமாற்றிவிட்டது என்பார்கள். வினிகர் என்ன செய்யும்? நான் முக்குவதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம்தான் போலிருக்கிறது. கப்பல் கதையில் நேரம் போய்விட்டது. ஃப்ரீசர் பற்றியும் ஜாம் பற்றியும் நிறையச் சொல்ல வைத்திருந்தேன். சுருக்கமாக.

நாலு நாளில் தீராது என்று தெரிந்தால் மூன்றாம் நாள் வரை காத்திருக்காதீர்கள், நல்லதாக இருக்கும்போதே கழுவி, நன்றாக உலர்த்தி, தொப்பி கிள்ளித் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். கல்லு போல உறைந்த பிறகு பையில் கட்டுங்கள், ஒன்றோடொன்று ஒட்டாது. உள்ளே இருக்கும் தண்ணீர் உறையும்போது சதை கிழிந்துவிடுவதால், எடுத்தால் பழைய பழமாக இருக்காது, கொழகொழவென்று ஆகும். மில்க் ஷேக்குக்கும் ஜாமுக்கும் அது போதும். ஜாம் என்றால், இந்தப் பழத்தில் இறுகவைக்கும் பெக்டின் குறைவு, எலுமிச்சைச் சாறு பிழியாமல் இறங்காதீர்கள். கொதிக்கும்போது நுரைத்துப் பொங்கி அடுப்பெல்லாம் ஒட்டும், அதனால் பழம் கால் பாத்திரத்துக்கு மேல் இல்லாதபடி பெரிய பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.