பதக்கத்தின் ஊசி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"முன்னாள் படைவீரர் ஒருவர் பிள்ளைகளின் நெஞ்சில் நிற்பது வீரராகவா, அப்பாவாகவா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மைக்கைப் பிடித்த வேகத்திலேயே பாதிப் போர் முடிந்துவிட்டது. வேட்டு மரியாதை, பெட்டிமேல் போர்த்திய கொடி, மார்பு நிறையப் பதக்கம் என்று அடுக்கினார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், பொய் சொல்வானேன்!

ஆனால் போகிற போக்கில் ஒன்று சொன்னார் பாருங்கள்: "அப்பா எல்லா வீட்டிலும்தான் இருக்கிறார், படைவீரர் எல்லா வீட்டிலுமா இருக்கிறார்?" அங்கேதான் ஐயா மாட்டிக்கொண்டார். அப்பா இல்லாத வீடே படைவீரர் வீடுதானே! விடுப்பில் வந்து கதவைத் தட்டுவார். குழந்தை அம்மா பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரும்மா இது?" என்று கேட்கும். பயம் தெளிந்து மடிக்கு வருகிற நேரத்தில் விடுப்பு முடிந்திருக்கும். மற்றவர்களுக்குப் பிள்ளை பிறந்த அன்றே கிடைக்கிற பதவி அது. இந்த மனிதர் ஓய்வு பெற்று வந்து, அரிச்சுவடியிலிருந்து படித்து வாங்க வேண்டியிருக்கிறது.

அவர் கல்லறைவரை போனதால் நானும் அங்கேயே வருகிறேன். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917இல், பிரிட்டிஷ் பேரரசு போர்க் கல்லறைகளுக்கென்றே ஓர் ஆணையம் அமைத்தது. தளபதியோ சிப்பாயோ, எல்லாருக்கும் ஒரே அளவுக் கல். மேலே பதவி, பெயர், படைப்பிரிவு. அது ராணுவத்தின் பங்கு. கல்லின் அடியில் குடும்பம் விரும்பியதைப் பொறிக்க இடம் விட்டார்கள், இடைவெளியும் சேர்த்து 66 எழுத்து. வீரர் என்பதை மேலேயே சொல்லியாகிவிட்டதே, பிறகு எதற்கு அந்த 66? வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேறொன்று இருக்கிறது என்று அந்த ஆணையத்துக்கே தெரிந்திருக்கிறது, எதிரணிக்குத்தான் தெரியவில்லை.

"அது மடிந்தவர்கள் கதை, நாம் பேசுவது திரும்பி வந்தவரைப் பற்றி" என்று நடுவர் மணியில் கை வைக்கிறார். சரிங்க ஐயா, திரும்பி வந்தவரையே கூப்பிடுகிறேன்.

வில்லியம் ஜாக்சன் ஸ்மார்ட். அமெரிக்க உள்நாட்டுப் போரில் போரிட்டவர். 1898இல் பிரசவத்தில் மனைவி போய்விட்டார். வீட்டில் பதினாறு வயது மகள் சொனோரா, அவளுக்குக் கீழே ஐந்து தம்பிகள், கடைசியவன் பிறந்த குழந்தை. அந்தப் பழைய போர்வீரர் இவர்களைத் தனியாளாக வளர்த்தார். முகாமில் ஓர் இரவு காவல் நிற்பது கடினமா, பாலுக்கு அழுகிற பிள்ளையோடு வருஷம் முழுக்க விழித்திருப்பது கடினமா? எனக்குச் சொல்லத் தகுதியில்லை, நான் இரண்டையும் செய்ததில்லை. என் மனைவி முன்வரிசையில்தான் இருக்கிறார், விசாரித்துக்கொள்ளலாம்.

1909இல் அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரத் தேவாலயத்தில் அன்னையர் தினப் பிரசங்கம். கேட்டுக்கொண்டிருந்த சொனோராவுக்கு ஓர் ஆதங்கம்: அப்பாக்களுக்கு ஒரு நாள் வேண்டாமா? தன் தந்தை பிறந்த ஜூன் 5ஐக் கேட்டார். பிரசங்கம் தயாரிக்க நாள் போதாது என்றார்கள் பாதிரியார்கள். அதனால் 1910 ஜூன் 19 என்று முடிவாயிற்று. இன்று நாம் கொண்டாடுகிற தந்தையர் தினம் அங்கிருந்துதான் வளர்ந்தது. அப்பா இருப்பவர்கள் சிவப்பு ரோஜா, இழந்தவர்கள் வெள்ளை ரோஜா சூடினார்கள். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட பிறகு அது நிரந்தரச் சட்டமானது. இன்று பல நாடுகளில் ஜூன் மூன்றாம் ஞாயிறு என்றால் தந்தையர் தினம். எதிரணியைக் கேட்கிறேன்: அந்த ஸ்மார்ட் எந்தப் போர்க்களத்தில் நின்றார்? என்ன பதவி வகித்தார்? பாருங்கள், மூன்று பேரும் தண்ணீர் குடிக்கிறார்கள்.

"ராணுவம் கொடுத்த ஒழுங்குதான் அவரை நல்ல அப்பாவாக்கியது" என்று அடுத்து வருபவர் சொல்லக்கூடும். அதில் நியாயம் இருக்கிறது, மறுக்கமாட்டேன். என் அப்பாவும் படையிலிருந்து வந்தவர்தான். போர்வையில் ஒரு சுருக்கம் இருந்தால் மறுபடி மடிக்க வைப்பார். ஆனால் அதே ஒழுங்கோடு வீட்டுக்கு வந்து, பிள்ளைகளைச் சிப்பாய்களாகவே நடத்தியவர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளிடமும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் மனத்தில் இருப்பதும் வீரர் இல்லை, கிடைக்காமல் போன அப்பாதான்.

எனக்கு ஏழு வயதிருக்கும். பாதத்தில் முள் ஏறி ஒடிந்துவிட்டது. வீடு முழுக்கத் தேடியும் ஊசி கிடைக்கவில்லை. அப்பா தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு பதக்கத்தை எடுத்தார். பின்பக்க ஊசியை நிமிர்த்தி, தீக்குச்சியில் காட்டி, என் காலை மடியில் வைத்துக்கொண்டார். முள் வந்ததும் ஊசியைத் துடைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்.

அந்தப் பதக்கம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. எந்தச் சண்டைக்குக் கொடுத்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை, நடுவர் அவர்களே. அதன் ஊசி மட்டும் இன்னும் கொஞ்சம் வளைந்திருக்கிறது.

நன்றி, வணக்கம்.