காலியாக விடப்பட்ட இடம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு நடன இசைக்குழுவை உயர்த்துபவர் யார்? அறைக்குள் இருந்து இசை அமைப்பவரா, மேடையில் நின்று ஆடிப் பாடுபவர்களா? இதுதான் நமக்குத் தரப்பட்ட கேள்வி. வழக்காடுவதற்கு இங்கிலாந்தின் 'தி பிராடிஜி' குழுவையும் நடுவரே தேர்ந்து கொடுத்துவிட்டார். நான் மேடையில் நின்றவர்களுக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "சுவர் இருந்தால்தான் சித்திரம். லியாம் ஹௌலெட்தான் அந்தச் சுவர். ஷார்க்கி போனார், லீராய் போனார், குழு நின்றுவிட்டதா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டு அமர்ந்தார். லியாம் அந்தக் குழுவின் இசையமைப்பாளர்; ஷார்க்கியும் லீராயும் அதிலிருந்து விலகிய ஆட்டக்காரர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன். அதற்கு முன், அந்தச் சுவரின் முன்னால் முதலில் வந்து நின்றவர்கள் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் பிரெய்ன்ட்ரீ என்று ஓர் ஊர். லியாம் அங்கே வளர்ந்தவர். சிறு வயதில் பியானோ கற்றவர், பிறகு ஒரு ஹிப்ஹாப் குழுவில் இசைத்தட்டு சுழற்றியவர். 1980களின் இறுதியில் விடிய விடிய ஆடும் 'ரேவ்' கூட்டங்கள் இங்கிலாந்து முழுவதும் பரவியபோது அந்த அலை அவரையும் இழுத்துக்கொண்டது. ரோலண்ட் டபிள்யூ-30 என்ற கீபோர்டு அவரிடம் இருந்தது. எங்கிருந்தோ எடுத்த ஒலித்துணுக்கை அதில் பதியலாம், வெட்டலாம், வேகம் கூட்டலாம், தாளத்தின் மேல் அடுக்கலாம். அப்படி அடுக்கி அடுக்கித் தன் அறைக்குள் பாட்டுகள் செய்துகொண்டிருந்தார். அந்தத் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தப் பாட்டுகள் அந்த அறையை விட்டு வெளியே வந்தது எப்படி?

அந்த ஊர்ப் பக்கத்தில் 'தி பார்ன்' என்று ஒரு கிளப் இருந்தது. அங்கே ஆட வருகிறவர்களில் ஒருவர் கீத் ஃபிளின்ட். அவர் லியாமிடம் ஒரு கேசட் பதிந்து தரும்படி கேட்டார். லியாம் கொடுத்த கேசட்டின் ஒரு பக்கத்தில் பிறருடைய பாட்டுகள், மறுபக்கத்தில் தன்னுடைய சொந்தப் பாட்டுகள். மேலே 'பிராடிஜி' என்று கிறுக்கியிருந்தார். அது மூக் நிறுவனத்தின் ஒரு சின்தசைசருடைய, அதாவது மின்னணு இசைக்கருவியுடைய பெயர். கீத்தும் அவருடைய ஆட்டத் தோழர் லீராய் தார்ன்ஹில்லும் அந்த மறுபக்கத்தைப் போட்டு ஆடிப் பார்த்தார்கள். இதை மேடைக்குக் கொண்டுபோக வேண்டும், நாங்கள் ஆடுகிறோம் என்று லியாமிடம் போய் நின்றார்கள். 1990இல் குழு பிறந்தது.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள், நடுவர் அவர்களே. குழுவைத் தொடங்கச் சொன்னது கூட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேர். ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாதவர்கள். அந்தத் தாளம் உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். நடன இசையில் அதைவிடப் பெரிய தேர்வு வேறு என்ன இருக்கிறது?

ஷார்க்கி என்ற இளம்பெண்ணும் ஆட வந்தார். கூட்டத்தோடு மைக்கில் பேசிப் பாடி அதைக் கிளப்பிவிட பீட்டர்பரோவைச் சேர்ந்த மாக்சிம் வந்தார். கிழக்கு லண்டனில், டால்ஸ்டன் பகுதியின் 'லேபிரிந்த்' கிளப்பில் முதல் நிகழ்ச்சி. 1991 பிப்ரவரியில் எக்ஸ்எல் நிறுவனம் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அதே ஆண்டு ஷார்க்கி விலகினார். ஆகஸ்டில் வந்த 'சார்லி' பாட்டு பிரிட்டிஷ் பாடல் விற்பனைப் பட்டியலில் 3ஆம் இடம் பிடித்தது.

அந்தப் பாட்டில் குழந்தைகளுக்கான பழைய அரசு விளம்பரப் படம் ஒன்றிலிருந்து எடுத்த பூனையின் குரல் இருந்தது. உடனே ஆளாளுக்குக் குழந்தைகள் நிகழ்ச்சிகளின் குரலை வெட்டி ஒட்டத் தொடங்கினார்கள். 1992இல் 'மிக்ஸ்மேக்' இதழ், ரேவ் இசையைக் கொன்றது சார்லிதானா என்று கேள்வி எழுப்பியது. கவனியுங்கள், அறைக்குள் பிறந்த அந்த உத்தியை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்க முடிந்தது. கீத்தையும் லீராயையும் மாக்சிமையும் யாராலும் நகல் எடுக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் ரேவ் மேடைக்கு வந்த பலர் பதிவை ஓடவிட்டு வாயசைத்துவிட்டுப் போனார்கள். இவர்கள் வியர்வையில் நனைந்து ஊர் ஊராக ஆடினார்கள். நெடிய உருவம் கொண்ட லீராய் தரையை உரசாமலே வழுக்குவதுபோல் கால் மாற்றுவார். கீத் உடம்பையே சுழற்றி எறிவார். ஒரு பாட்டுக்குப் பெயர் தேய்ந்தபோது குழுவின் பெயர் தேயாமல் காத்தவை அந்த இரவுகள்.

1994இல் பிரிட்டனில் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம் வந்தது. அனுமதியின்றித் திறந்தவெளியில் 100 பேரோ அதற்கு மேலோ கூடி இரவில் உரக்க இசை ஒலிக்கவிட்டால் காவல்துறை கலைக்கலாம் என்றது அது. அந்தச் சட்டம் இசைக்கு ஒரு விளக்கமும் கொடுத்தது: தொடர்ந்து திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளைக் கொண்டது என்று. ஒரு நாடாளுமன்றம் தாளத்தை வரையறுத்துச் சட்டத்தில் எழுதியது! அந்த ஆண்டு ஜூலையில் இவர்களின் இரண்டாவது ஆல்பம் முதலிடம் பிடித்தது. அதன் உள் உறையில் ஓர் ஓவியம். ஒரு பள்ளத்தாக்கின் இக்கரையில் ஆடும் இளைஞர் கூட்டம், அக்கரையில் போலீஸ் படை, நடுவே ஒரு கயிற்றுப் பாலம். இளைஞன் ஒருவன் அந்தப் பாலத்தை அறுத்துக்கொண்டிருக்கிறான். அரசு அஞ்சியது எதைக் கண்டு? யாரோ ஒருவர் வீட்டில் கீபோர்டு வாசித்ததைக் கண்டா? கூடி ஆடும் உடம்புகளைக் கண்டுதான் அஞ்சியது. அந்த ஆட்டக்காரர்களின் முகமாக மேடையில் நின்றவர்கள் என் கட்சிக்காரர்கள்.

இனி 1996க்கு வருகிறேன். இந்த வழக்கின் இதயம் அங்கேதான் இருக்கிறது.

'ஃபயர்ஸ்டார்ட்டர்' முதலில் வரிகளே இல்லாத வெறும் இசையாகத்தான் இருந்தது. லியாம் அதைப் போட்டுக் காட்டியபோது, இதற்குக் குரல் வேண்டுமென்றால் நான் முயன்று பார்க்கிறேன் என்று கீத் சொன்னார். ஆறு ஆண்டுகளாக ஆடிக்கொண்டு மட்டுமே இருந்த மனிதர்! ஒரு பாட்டில்கூட அதுவரை பாடியதில்லை. வரிகளையும் அவரே எழுதினார். ஆடுகிறவனின் உள்ளே என்ன எரிகிறது என்பதைச் சொல்லும் வரிகள். மார்ச்சில் வெளியான அந்தப் பாட்டு பிரிட்டனில் மூன்று வாரம் முதலிடத்தில் நின்றது. அந்தக் குழுவின் முதல் முதலிடப் பாட்டு அதுதான்.

அதன் வீடியோவைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். லண்டனில் மூடப்பட்டுவிட்ட ஆல்ட்விச் சுரங்க ரயில் நிலையத்தின் குகைக்குள் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மற்ற மூவரும் இருட்டில் அங்கங்கே நிற்கிறார்கள். கீத் தன் நீண்ட முடியைக் களைந்து, இரு பக்கமும் கொம்புபோல் முடியை விட்டு, கண்ணைச் சுற்றி மை தீட்டியிருக்கிறார். தலையை வெட்டி வெட்டித் திருப்புகிறார், கேமராவுக்குள் புகுந்துவிடுபவர்போல் வருகிறார், பின்வாங்குகிறார், மறுபடி வருகிறார். குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று தொலைக்காட்சிக்குப் புகார்கள் வந்தன. அந்தப் பாட்டில் அடுக்கியிருந்த துணுக்குகளில் கிடாரின் முனகல் 'தி பிரீடர்ஸ்' குழுவுடையது, "ஹே" என்ற கூவல் 'ஆர்ட் ஆஃப் நாய்ஸ்' குழுவுடையது. அவற்றைத் தேடி எடுத்துக் கோத்த லியாமின் கை அற்புதமான கை, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டவுடன் உங்கள் கண்ணில் வருவது யாருடைய முகம்? இந்த அவையில் எவரையும் கேட்டுப் பாருங்கள்.

அந்த நவம்பரில் கீத்தும் மாக்சிமும் சேர்ந்து பாடிய 'ப்ரீத்' அடுத்த முதலிடம். 1997இல் வந்த மூன்றாவது ஆல்பம் பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் முதலிடம். அதே கோடையில், சேற்றில் மிதந்த கிளாஸ்டன்பரி விழாவில் வெள்ளி இரவின் தலைமை நிகழ்ச்சி இவர்களுடையது. ஆறாண்டு உழைப்பு இந்த உயரத்துக்கு ஏறியது எப்போது? ஆட்டக்காரர் மைக்கை எடுத்த பிறகு.

இப்போது எதிரணியின் வலுவான ஆதாரத்துக்கு வருகிறேன். 2004இல் வந்த ஆல்பத்தில் கீத்தும் இல்லை, மாக்சிமும் இல்லை. லியாம் வேறு பாடகர்களை வைத்துச் செய்தார். அதுவும் முதலிடம் பிடித்தது. "இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்றார் நண்பர். சொல்கிறேன். அந்த ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனபோது மேடையில் நின்றவர்கள் யார்? கீத்தும் மாக்சிமும்தான். அதற்கடுத்த 2009 ஆல்பத்தில் இருவரையும் ஒலிப்பதிவுக்கே திரும்ப அழைத்துக்கொண்டவர் யார்? அதே லியாம்தான். அவர்கள் இல்லாமல் ஒரு தட்டு போடலாம், ஒரு குழுவை நடத்த முடியாது என்பதை அவருடைய செயலே காட்டிவிட்டது.

ஜெர்மனியின் 'கிராஃப்ட்வெர்க்' குழுவையும் காட்டினார்கள். தொடங்கிய இருவரில் ரால்ஃப் ஹூட்டர் மட்டுமே இன்று எஞ்சியிருக்கிறார், தங்கள் உருவத்தில் பொம்மைகளையே மேடையில் நிறுத்திய குழு அது என்றார்கள். உண்மை, அங்கே ஆட்கள் மாறுவது உறுத்துவதில்லை. 2013இல் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் அவர்கள் நிகழ்ச்சி நடத்தினார்கள். ஒரு கலைப்பொருளைப் பார்ப்பதுபோல் நின்று பார்க்கத்தக்க இசை அது, எனக்கும் பிடிக்கும். மனித முகத்தை மறைப்பதையே கலையாகக் கொண்ட குழு அது. பிராடிஜி எடுத்த வழி அதற்கு நேர் எதிரானது.

முகமும் குரலும் யாருக்கும் பொருட்டில்லை என்று நினைத்தவர்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1989இல் இத்தாலியின் 'பிளாக் பாக்ஸ்' தந்த 'ரைடு ஆன் டைம்' பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. மேடையில் வாயசைத்தவர் ஒரு மாடல். பாட்டில் ஒலித்ததோ அமெரிக்கப் பாடகி லொலீட்டா ஹாலோவேயின் பழைய பதிவிலிருந்து எடுத்த குரல். மார்த்தா வாஷ் பாடிய பாட்டுகளுக்கும் இதே கதிதான். குரல் அவருடையது, வீடியோவில் வாயசைத்தவர் வேறொருவர். அவர் நீதிமன்றம் போய்த்தான் தன் குரலுக்குரிய பெயரை மீட்டார். தயாரிப்பாளர்கள் ஆள் யாராக இருந்தால் என்ன என்று எண்ணினார்கள். அந்த எண்ணத்துக்கு விலை கொடுத்தவர்கள் பாடிய பெண்கள். எதிரணி நண்பர்களே, உங்கள் வாதம் எந்த வாசலில் போய் நிற்கிறது என்று பாருங்கள்.

சரி, லீராய். 2000இல் அவர் விலகினார். குழு நிற்கவில்லை. ஆனால் அவருடைய இடத்தில் ஆட இன்னொருவரைக் கொண்டுவந்தார்களா? இல்லை. கிடார் வாசிப்பவர்கள் வந்தார்கள், போனார்கள். கிஸ் பட், ஜிம் டேவிஸ், ராப் ஹாலிடே என்று ஆள் மாறினார்கள். டிரம்ஸுக்கும் ஆள் மாறினார்கள். அவர்களும் திறமைசாலிகள்தான், ஆனாலும் ஒருவரின் இடத்துக்கு மற்றொருவர் வர முடிந்தது. லீராயின் இடத்தை மட்டும் நிரப்பவில்லை. ஆடுவதற்கென்றே ஒருவர் இருந்த காலம் அந்தக் குழுவில் அவரோடு முடிந்தது. குழு தொடர்ந்தது, அதன் மேடை வேறு மேடையாகிவிட்டது.

2019 மார்ச் 4. கீத் ஃபிளின்ட் 49 வயதில் இறந்தார். அதற்கு நான்கு மாதம் முன்புதான் அவர்களுடைய புதிய ஆல்பம் வந்து முதலிடம் பிடித்திருந்தது. மாத இறுதியில், அந்த கேசட் கைமாறிய அதே பிரெய்ன்ட்ரீ வட்டாரத்தில் இறுதி ஊர்வலம். தெருவின் இரு பக்கமும் ஆயிரக்கணக்கானோர். ஒலிபெருக்கிகளில் அவர்களின் பாட்டு. அழுதுகொண்டே ஆடினார்கள்.

சுவர்தான் எல்லாம் என்றால், லியாம் அடுத்த மாதமே இன்னொரு பாடகரை நிறுத்தியிருக்கலாம். அந்தக் கொம்பு முடியும் மையிட்ட கண்ணும் கொண்ட ஒருவரைத் தேடிப் பிடிப்பது கடினமல்ல. அவர் அதைச் செய்யவில்லை. மூன்றாண்டுக்கு மேல் ஒரு நிகழ்ச்சிகூட நடக்கவில்லை. 2022 ஜூலையில், எஞ்சியிருந்த லியாமும் மாக்சிமும் மேடைக்குத் திரும்பினார்கள். 'ஃபயர்ஸ்டார்ட்டர்' வந்தது. லேசர் ஒளிக்கோடுகளால் இருட்டில் ஓர் உருவம் எழுந்தது. இரு கொம்புகளுடன் ஒரு தலை, விரிந்த கைகள். இசை முழுவதும் ஒலித்தது. அந்த வரிகளை மேடையில் யாரும் பாடவில்லை.

இசையை அமைத்தவரே அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார், நடுவர் அவர்களே. தீர்ப்பு எழுதுமுன் அந்த மேடையை ஒருமுறை பாருங்கள்.