அமரத்தில் தூங்கியவர்

(ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழா நாட்களில் ஒரு மாலை பேசியது. எழுதும்போது கொஞ்சம் ஒழுங்கு செய்திருக்கிறேன்.)

பங்குத்தந்தை அவர்களே, பெரியவர்களே, மணலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம். நான் பேசுவதில் பாதியை ஆடிக்காற்று தூக்கிக்கொண்டு போகிறது. கடைசியில் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள்.

'பயத்தை வெல்வது எப்படி' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சரி என்று சொன்ன பிறகுதான் யோசித்தேன். இதைப் பேச இந்தத் தீவிலேயே தகுதி குறைந்த ஆள் நான்தான். நான் கடல்தொழிலாளி மகன், ஆனால் எனக்குக் கடல் என்றால் பயம். வாத்தியார் வேலைக்குப் போனதற்குப் படிப்பு ஆசை பாதிக் காரணம், இந்தப் பயம் மீதிக் காரணம். இதை மேடையில் சொல்வது இதுதான் முதல் தடவை.

எனக்குப் பதினோரு வயது. ஆடி மாதம் தென்கடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவின் வத்தை, அவர் மீன்பிடிக்கப் போகும் படகு, கவிழ்ந்தது. ஒரு கையில் கவிழ்ந்த வத்தை, இன்னொரு கையில் என் தலைமுடி. அப்படித்தான் அப்பா என்னைப் பிடித்திருந்தார். வேறொரு வள்ளம் வந்து தூக்கிப் போட்டார்கள். மறுநாள் விடியற்காலை அப்பா கடலுக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. அப்புறம் பல வருஷம் கரையிலிருந்து பார்த்ததோடு சரி.

இளைஞனாக இருந்தபோது ஒரு செபக்கூட்டத்துக்குப் போனேன். அங்கே ஒருவர் தலையில் கை வைத்து, "உனக்கு விசுவாசம் பத்தாது, அதனால்தான் பயம்" என்றார். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் போகும்போது ஒரு பயத்தோடு போனவன், திரும்பும்போது இரண்டு பயத்தோடு வந்தேன். கடல் ஒன்று. நான் உண்மையான கிறிஸ்தவன்தானா என்பது இன்னொன்று. முதல் பயத்தை வெளியில் சொல்லலாம், ஆள் சிரிப்பான், அவ்வளவுதான். இரண்டாவதை யாரிடம் சொல்வது?

இதற்குப் பதில் எனக்கு நம்முடைய சந்தியாகப்பரிடம் கிடைத்தது. குதிரையில் வாளோடு இருக்கும் சந்தியாகப்பரை ஒரு நிமிஷம் மறந்துவிடுங்கள். நான் சொல்வது செபதேயுவின் மகன் யாக்கோபை. சந்தியாகு என்பது அவர் பேர்தான். வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து இயேசு ஆண்டவர் கூப்பிட்ட ஆள், நம்ம ஆள். அவருக்கும் அவர் தம்பி யோவானுக்கும் ஆண்டவர் ஒரு பட்டப்பேர் வைத்தார், ஞாபகம் இருக்கிறதா? 'இடியின் மக்கள்.' மாற்கு நற்செய்தி மூன்றாம் அதிகாரம். அடுத்த அதிகாரத்திலேயே என்ன நடக்கிறது? கலிலேயக் கடலில் காற்று எழும்புகிறது, படகில் தண்ணீர் ஏறுகிறது, இடியின் மக்கள் இரண்டு பேரும் "சாகப்போகிறோம்" என்று மற்றவர்களோடு சேர்ந்து அலறுகிறார்கள். மாற்கு இதை மறைக்கவில்லை. நான் எழுதியிருந்தால் மறைத்திருப்பேன்.

அந்த நேரத்தில் ஆண்டவர் எங்கே இருந்தார்? படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார் என்று இருக்கிறது. பின்பக்கம் என்றால் நம் பேச்சில் அமரம், முன்பக்கம் அணியம். அமரம்தான் சுக்கான் பிடிப்பவன் இருக்கும் இடம். இதை மதுரையிலோ கோயம்புத்தூரிலோ வாசித்தால் ஒன்றும் தோன்றாது. இங்கே இருப்பவர்கள் யோசித்துப் பாருங்கள். தச்சு வேலை பார்த்த ஒருவர், மீனவர்கள் ஓட்டும் படகில், சுக்கான்காரன் காலடியில் படுத்துத் தூங்குகிறார். தந்தையை நம்பித் தூங்கினார் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். அது சரிதான். ஆனால் படகு ஓட்டுகிறவனை நம்பாதவன் அமரத்தில் படுக்கமாட்டான். அவர்களையும் நம்பித்தான் தூங்கியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. வேதசாஸ்திரம் படித்தவர்கள் இதற்கு என்னைத் திட்டலாம்.

அவர்கள் செய்தது ஒன்றுதான், எழுப்பினார்கள். அதுவும் மரியாதையாக எழுப்பவில்லை. "உமக்குக் கவலையே இல்லையா?" என்று சண்டை போட்டு எழுப்பினார்கள். "ஏன் பயப்படுகிறீர்கள்?" என்று ஆண்டவர் கேட்டது உண்மை. ஆனால் எப்போது கேட்டார்? மாற்கு சொல்கிற வரிசையில், முதலில் காற்றை அதட்டினார், கடல் அடங்கியது, அப்புறம்தான் கேட்டார். விசுவாசத்தைக் காட்டு, பிறகு காற்றை நிறுத்துகிறேன் என்று அவர் சொல்லவில்லை. செபக்கூட்டத்தில் என் தலையில் கை வைத்தவர் இந்த வரிசையை மாற்றிவிட்டார்.

ஒரு சின்ன விஷயம். பைபிளில் 'அஞ்சாதே' என்பது 365 தடவை வருகிறது, நாளுக்கு ஒன்று என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எண்ணிப் பார்த்தால் அவ்வளவு வராது. எண்ணிக்கை சேர்ந்தால்தான் ஆறுதல் என்று யார் சொன்னது?

இதே சந்தியாகப்பர் இன்னொரு ராத்திரியையும் பார்த்தார். கெத்சமனித் தோட்டம். பேதுரு, யாக்கோபு, யோவான் என்று மூன்று பேரைத்தான் ஆண்டவர் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவர் திகிலடைந்தார், மனம் கலங்கினார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். படகில் தூங்கினவர் தோட்டத்தில் பயப்படுகிறார். படகில் பயந்தவர்கள் தோட்டத்தில் தூங்குகிறார்கள்! "இந்தக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும்" என்று கேட்டவரிடம் போய் விசுவாசம் பத்தாது என்று யாராவது சொல்வார்களா? எனக்கு இருந்த இரண்டாவது பயம் இந்த இடத்தில்தான் போனது. முதல் பயம் அப்படியே இருந்தது.

இந்த யாக்கோபைத்தான் கி.பி. 44 வாக்கில் ஏரோது அரசன் வாளால் கொன்றான். பன்னிரண்டு பேரில் முதல் வேதசாட்சி அவர். ஓரியூர் அருளானந்தரையும், போர்ச்சுகலிலிருந்து வந்த ஜான் டி பிரிட்டோ சாமியாரையும்தான் சொல்கிறேன், நினைத்துக்கொள்ளுங்கள். 1686-ல் மறவர் சீமையில் பிடித்து வதைத்தார்கள். லிஸ்பனுக்குத் திரும்பினார், அங்கேயே இருந்திருக்கலாம். 1690-ல் திரும்ப வந்தார். 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூர் மணலில் வெட்டப்பட்டார். முதல் தடவை பட்ட அடி உடம்பில் ஞாபகம் இருக்கும் அல்லவா? அதோடுதானே கப்பல் ஏறியிருப்பார்?

வேதசாட்சிகளை விடுங்கள். என் பெரியம்மா தனுஷ்கோடியில் இருந்தவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் பாம்பனிலிருந்து போன ரயிலையே கடல் கொண்டுபோனது உங்களுக்குத் தெரியும். பெரியம்மா பிழைத்து இங்கே வந்தவர். அதற்குப் பிறகு காற்று பலமாக அடிக்கும் ராத்திரி எல்லாம் சத்தமாக ஜெபமாலை சொல்வார். தெருவே தூங்க முடியாது. நான் சின்னப் பையன், "பயமா இருக்கா பெரியம்மா?" என்று கேட்டேன். "பயந்தான்டா. அதான் மாதாகிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார். நான் படித்த எந்தத் தியானப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

நம் ஊரில் இதுதான் குறை. பயத்தை யாரிடமும் சொல்லமாட்டோம். ராத்திரி போன படகு விடிந்தும் வராவிட்டால், போன் எடுக்காவிட்டால், இலங்கை நேவிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களோ என்று வீட்டுப் பெண்கள் வயிற்றில் நெருப்போடு இருக்கிறார்கள். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார்கள். போகிற ஆம்பளை குடித்துவிட்டுச் சொல்வான், குடிக்காமல் சொல்லமாட்டான். திருப்பாடல் 107-ல் கடலோடிகள் ஆடித் தள்ளாடி ஆண்டவரை நோக்கிக் கூவினார்கள் என்று வருகிறது. கூவுங்கள். பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். நெஞ்சு படபடத்து, தூக்கம் போய், வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள். 14416 என்று ஒரு இலவச எண் இருக்கிறது, போட்டால் தமிழில் பேசுவார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை போடுவதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்வதில்லையே.

என் கதையை முடித்துவிடுகிறேன். சில வருஷம் முன்னால் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகவேண்டும் என்று வீட்டில் பிடிவாதம். தனியாக அனுப்ப மனமில்லை, பேர் கொடுத்துவிட்டேன். ராமேஸ்வரம் ஜெட்டியில் படகில் கால் வைத்ததுமே முழங்கால் ஆடுகிறது. அறுபதைத் தாண்டிய ஆள், ஊருக்கெல்லாம் வாத்தியார். படகு ஓட்டிய பையன் என்னிடம் ஏழாவது படித்தவன், கணக்கில் என்னிடம் நிறைய அடி வாங்கினவன். அவனிடம் போய், "தம்பி, எனக்குப் பயமா இருக்குடா" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "அணியத்துல உக்காந்தா தூக்கிப் போடும் சார். அமரத்துக்கு வந்துருங்க, எங்கிட்ட" என்றான்.

போய் உட்கார்ந்தேன். தூங்கவெல்லாம் இல்லை. தீவு கண்ணில் படும்வரை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், வரும்போதும் அப்படித்தான். போன தடவையும் போனேன், பயம் இருந்தது, அவன்தான் ஓட்டினான்.

பூசைக்கு மணி அடித்துவிட்டார்கள். பங்குச்சாமி என்னைப் பார்க்கிறார். இறங்கிக்கொள்கிறேன்.