டாக்டர் லிம் சோங் இயூ: 21 வருஷம் பினாங்கு முதல்வரா இருந்தவரோட கதை

வணக்கம் மக்களே. மலேசியாவுல பினாங்கு பாலத்துல இருந்து தீவுப்பக்கம் இறங்கி ஏர்போர்ட் போற ரோட்டைப் புடிச்சீங்கன்னா போர்டுல ஒரு பேரு இருக்கும், துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலை. தினமும் அதுல வேலைக்குப் போற நிறைய பேருக்கு இவரு யாருன்னே தெரியல, எனக்கு அது உண்மையிலேயே வருத்தம், அதான் இந்த வீடியோ.

(திரையில்: பழைய ஜார்ஜ்டவுன் படங்கள்)

1919ல பினாங்குல பொறந்த சீனர், அப்பாவும் டாக்டர்தான். ஸ்காலர்ஷிப்ல எடின்பரோ போய் மருத்துவம் படிச்சாரு, ஊருக்குத் திரும்பி அரசியல்ல இறங்குனாரு. 1958ல மசீச, அதாவது மலாயா சீனர் சங்கத்தோட தலைவரு ஆனாரு, அதுவும் அந்தக் கட்சியை ஆரம்பிச்ச டான் செங் லொக்கையே தோற்கடிச்சு. அடுத்த வருஷமே பெரிய மோதல். நாடாளுமன்றத்துல மொத்தம் 104 சீட், அதுல 40ல போட்டி போட எங்களுக்கு வேணும்னு கூட்டணிகிட்ட கேட்டாரு. ஏன்னா மூணுல ஒரு பங்குக்கு மேல கையில இருந்தா இவங்க சம்மதம் இல்லாம அரசியல் சட்டத்தை மாத்த முடியாது. மசீசவும் இருந்த ஆளும் கூட்டணியோட தலைவரு துங்கு அப்துல் ரஹ்மான் முடியாதுன்னுட்டாரு. கடைசியில மசீசவுக்குப் போட்டி போடக் கிடைச்சது 31. இவரு தலைவர் பதவியை விட்டாரு, அப்புறம் கட்சியையும் விட்டாரு.

பத்து வருஷம் கழிச்சுதான் திருப்பம். 1968ல இவரும் சேர்ந்து கெராக்கான்னு ஒரு கட்சி ஆரம்பிச்சாங்க, அதுல மலாய்க்காரரு சையத் ஹுசைன் அலாத்தாஸ், சீனரு டான் சீ கூன், நம்மாளு வி. வீரப்பன்னு எல்லா இனமும் இருந்தாங்க. 1969 மே 10 தேர்தல்ல பினாங்குல 24க்கு 16 சீட்! மூணாவது நாளே கோலாலம்பூர்ல மே 13 கலவரம், மலாய்க்காரருக்கும் சீனருக்கும் நடந்த இனக்கலவரம். நாடே பத்திக்கிட்டு இருக்கும்போது எதிர்க்கட்சி முதல்வரா இவரு நாற்காலியில உக்கார்றாரு.

இங்க ஒண்ணு சொல்லணும். சுல்தான் இருக்குற மாநிலங்கள்ல முதல்வர மந்திரி பெசார்னு சொல்வாங்க, அது வழக்கமா மலாய்க்காரருக்குத்தான். பினாங்குல சுல்தான் கிடையாது, ஆளுநர்தான், அதனால ஒரு சீனர் முதல்வராக முடிஞ்சுது.

ஆனா கையில என்ன இருந்துச்சு? வரியில்லா துறைமுகம்ங்கிற சலுகை அதே காலத்துல போயிருச்சு, பசங்க வேலையில்லாம சுத்துறாங்க. மாநில அரசுகிட்ட இருக்குறது நிலம் மட்டும்தான், தொழிற்சாலை லைசென்ஸ், வரிச்சலுகை எல்லாமே கோலாலம்பூர் கையில. இத புரிஞ்சுக்கிட்டாதான் அவரு அடுத்து செஞ்சது புரியும். 1969லயே பினாங்கு வளர்ச்சிக் கழகத்தை ஆரம்பிச்சு பாயான் லெப்பாஸ்ல வயலா கிடந்த நிலத்தை தொழிற்பேட்டையா மாத்துனாரு, 1972ல மத்தியக் கூட்டணியோட கை கோர்த்தாரு. எந்த துங்குகிட்ட முட்டிக்கிட்டு வெளிய வந்தாரோ அதே கூட்டணி. அதுக்கு முன்னாடியே கட்சி உடைஞ்சு டான் சீ கூன் வெளிய போயிட்டாரு. துரோகம்னு சொன்னவங்க உண்டு, நான் அப்படி நினைக்கல, அந்த வேலைகள் வர வேற வழி இருந்த மாதிரி எனக்குத் தெரியல, ஆனா கூட கட்சி ஆரம்பிச்ச நல்ல மனுஷங்கள இழந்தது பெரிய விலைதான்.

அதே 1972ல சுதந்திர வர்த்தக மண்டலம் வந்துச்சு, இன்டெல் வந்துச்சு, கூடவே ஹியூலெட் பேக்கர்ட், ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ்னு வரிசையா. ஏன் இங்க வந்தாங்கன்னா, சிப் எடை கம்மி, ப்ளேன்ல அனுப்பலாம், ஏர்போர்ட் பக்கத்துலயே இருக்கு, இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க. கம்பத்துல, அதாவது கிராமத்துல இருந்து பொண்ணுங்க பஸ் ஏறி ஷிஃப்ட்டுக்கு வந்தாங்க, சம்பளம் கம்மி, நாள் பூரா மைக்ரோஸ்கோப்ல கண்ணு வச்சு உழைச்சது அவங்கதான், பாராட்டுல பாதி அவங்களுக்குப் போகணும்.

அப்புறம் ஜார்ஜ்டவுன்ல 65 மாடி கொம்தார் கட்டடம், 1985ல பாலம். கொம்தாருக்காக பழைய தெருக்களை இடிச்சது எனக்கு இன்னும் மனசு ஆறல.

(திரையில்: 1990)

அந்த வருஷத் தேர்தல்ல பாடாங் கோத்தா தொகுதியில எதிர்க்கட்சியான ஜசெக, அதாவது ஜனநாயக செயல் கட்சியோட பொதுச்செயலாளர் லிம் கிட் சியாங்கே நேரா வந்து நின்னாரு, இவரு தோத்துட்டாரு, 71 வயசுல அரசியலை விட்டும் ஒதுங்கிட்டாரு. 2010 நவம்பர்ல காலமானாரு. அடுத்த மாசமே அந்த ரோட்டுக்கு இவரு பேரை வச்சாங்க. அப்ப ஆட்சியில இருந்தது ஜசெக, முதல்வரு லிம் கிட் சியாங்கோட மகன் லிம் குவான் எங்.