கப்பியும் கயிறும்

நேயர்களுக்கு வணக்கம். கிராமத்துத் தற்சார்பு, நகரத்துச் சார்பு வாழ்க்கை என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு ஒரு விவசாயியைக் கூப்பிட்டிருக்கலாம். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைப் பக்கம் முப்பது வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறவன். எங்கள் வட்டாரத்தில் எத்தனை கிணற்றில் கயிறு ஓடுகிற கப்பியை, அதாவது ராட்டினத்தை, கழற்றிவிட்டு மோட்டார் மாட்டினேன் என்று எனக்கே கணக்கில்லை. நம்மூர்க்காரர்கள் தண்ணீர் இறைக்க மறந்துபோனதில் என் கைக்கும் பங்குண்டு. அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல் அடித்த நாளை இந்த மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களை நினைத்தால், கரையில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எனக்குத் தெரிந்தது கிணறும் மோட்டாரும்தான், அதைச் சொல்கிறேன்.

ரப்பர், வாழை, தேக்கு என்று சாய்ந்ததோடு மின்கம்பங்களும் வரிசையாக விழுந்தன. எங்கள் தெருவுக்கு கரண்ட் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. நல்ல மழை வேறு, கிணறெல்லாம் ஊறிக் கிடக்கிறது. எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரிகிறது, எடுக்கத்தான் வழியில்லை. கப்பி மாட்டும் கம்பியை அறுத்து எடுத்தாயிற்று. வாளி இருக்கிறது, அத்தனை நீளக் கயிறு எந்த வீட்டிலும் இல்லை. என் வீட்டையும் சேர்த்துத்தான்.

தெருவில் ஒரே ஒரு கிணற்றில் கப்பி இருந்தது. தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் வீடு. மோட்டார் போட்டுக்கொள்ளுங்கள் என்று நானே இரண்டு தடவை போய்ச் சொல்லியிருக்கிறேன். "எனக்கு ஒருத்திக்கு எதுக்கு மக்கா மோட்டரு?" என்று அனுப்பிவிட்டார். புயலுக்கு மறுநாள் காலையில் அந்த வாசலில் குடத்தோடு வரிசை. வரிசையில் நானும் நின்றேன். என்னைப் பார்த்ததும் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

மூன்றாம் நாள் கடையில் கிடந்த சின்ன ஜெனரேட்டரைப் பெட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். மோட்டாரில் ஒரு குணம் உண்டு. ஓடும்போது இழுக்கிற கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு, கிளம்புகிற அந்த நொடியில் இழுக்கும். அரை எச்பி மோட்டாரை என் ஜெனரேட்டர் தூக்கியது. ஒரு எச்பி என்றால் இருமிவிட்டு நின்றுவிடும். ஆக, பெரிய மோட்டார் வைத்த பெரிய வீட்டுக்காரர்கள்தான் கடைசி வரை பாட்டி வீட்டு வரிசையில் நின்றார்கள். பெட்ரோலுக்கும் பங்கில் வரிசை. ஜெனரேட்டர் வைத்திருந்தால் தற்சார்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். அதற்குத் தீனி எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததில்லை.

சோற்றுக்கு மட்டும் பஞ்சம் வரவில்லை. மரச்சீனி, அதாவது மரவள்ளி, அதன் கம்பெல்லாம் காற்றில் சாய்ந்து வேர் ஆடிவிட்டது. அப்படியே விட்டால் கிழங்கு அழுகும். பிடுங்கினாலும் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. கிழங்கு போட்ட விளை, அதாவது தோட்டம், வைத்திருந்தவர்கள் வேறு வழியில்லாமல் தெருவுக்கே கொடுத்தார்கள். அவித்த கிழங்கு, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி, கருவாடு, கருப்பட்டிக் காப்பி. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து அரிசி வரத்து நின்றபோது, திருவிதாங்கூரைத் தாங்கியதும் இந்தக் கிழங்குதான். அப்போது இந்த மாவட்டமும் திருவிதாங்கூரில் இருந்தது. என் அம்மா அந்தக் காலத்துப் பிள்ளை. கடைசி வரைக்கும் கிழங்கைத் தொடமாட்டாள். தின்று தின்று வெறுத்துப் போயிருந்தது.

அதனால் பழைய கிராமத்தை நான் ரொம்பவும் மெச்சமாட்டேன். சுவாமித்தோப்பில் முத்திரிக் கிணறு இருக்கிறது. எல்லா சாதியாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கட்டும் என்று அய்யா வைகுண்டர் ஏற்படுத்தியது. இருநூறு வருடத்துக்கு முன்பு அப்படி ஒரு கிணறு தேவைப்பட்டது என்றால், மற்றக் கிணறுகள் யாருக்கானவை? தன் நிலம், தன் கிணறு என்று இருந்தவனுக்குத்தான் அது தற்சார்பு. நிலம் இல்லாதவனுக்குப் பட்டணத்துக் குழாயடியே மேல். சண்டை போட்டாலும் குடம் நிறையும்.

பட்டணம் எனக்கும் பழக்கம்தான். மகள் சென்னையில் முடிச்சூரில் இருக்கிறாள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு நாள் போன் கிடைக்கவில்லை. பிறகு சொன்னாள்: "கீழே கார் முங்கிக் கிடக்குப்பா, மேலே குழாயைத் திறந்தா காத்துதான் வருது." போர்வெல் மோட்டார் தண்ணீருக்கு அடியில். லிப்ட் நின்றுவிட்டது. நாலாவது மாடியில் இருந்த வயதானவர்களுக்கு மற்ற வீட்டுப் பையன்கள்தான் படியேறிச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். அதுவரை ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாதாம்.

2019-இல் அதே சென்னை வறண்டது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் போய்ச் சேர்ந்தது. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளத்தில் போன தண்ணீர். இதைக் கேட்டு நம் ஊரில் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்த்தேன். இரண்டு மழையும் பெய்கிற, கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்த நாஞ்சில் நாட்டில், அரிசி லாரியில் வருகிறது. பால் பாக்கெட்டில். மாதச் செலவு வளைகுடாவிலிருந்து மகன் அனுப்புகிற பணத்தில். நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்கு ஒரு வாரம் வெளியூர் லாரி வராவிட்டால் நம் சாம்பாரில் என்ன மிஞ்சும்? முருங்கைக்காய் மிஞ்சும் என்று நினைக்கிறேன். அதுவும் மரம் வைத்திருப்பவர்களுக்கு.

எல்லாவற்றையும் நாமே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது யாராலும் ஆகாது. உப்பும் இரும்பும் என்றைக்கும் வெளியிலிருந்துதான் வந்தன. நான் கேட்பது ஒரு கணக்கு. வெளியிலிருந்து வருவது நின்றால் உங்கள் வீடு எத்தனை நாள் ஓடும்? ஒக்கியின்போது பாட்டி வீடு பன்னிரண்டு நாளும் ஓடியது, தெருவையும் சேர்த்து ஓட்டியது. என் வீடு ஒரு ராத்திரிக்கு மேல் ஓடவில்லை. மகளின் அடுக்குமாடிக்கும் என் வீட்டுக்கும் அந்த வகையில் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்குத் தென்னை மரம் இருந்தது, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் மோட்டார் மாட்டப் போகிற இடத்தில் கப்பியைக் கழற்றமாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். சில வீட்டில் பார்க்க நன்றாக இல்லை என்பார்கள். சரி, மற்றொரு ஆளைக் கூப்பிடுங்கள் என்று வந்துவிடுவேன். கடையிலும் நாற்பதடிக் கயிறு ஒன்று ஆணியில் தொங்கும், கேட்டவர்களுக்குக் கொடுப்பேன். போன மாதம் ஒருத்தர் வாங்கிக்கொண்டு போனார், இன்னும் ஆணி காலியாக இருக்கிறது. இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தால், அண்ணே, தயவுசெய்து கொண்டுவந்து தந்துவிடுங்கள். வணக்கம்.