நந்திதுர்க்கத்துக்குப் பாதை போட்டவர்கள்

பெங்களூர்த் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம். சூரிய உதயம் பார்க்க விடியற்காலையில் நந்தி மலைக்குப் போய்வந்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். 1791-இல் அந்த மலைக்கு வேறொரு படை போனது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அந்த ஆண்டு மார்ச்சில் திப்பு சுல்தானிடமிருந்து பெங்களூர்க் கோட்டையைப் பிடித்த கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படையின் தலைவர் காரன்வாலிஸ், மே மாதம் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கினார். சண்டையில் வென்றும் நிலைக்க முடியவில்லை. தானியம் தீர்ந்தது, இழுவை மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. முற்றுகைக்குக் கொண்டுபோன பெரும் பீரங்கிகளைத் தாங்களே அழித்துவிட்டுத் திரும்பினார்கள். மலைக்கோட்டைகள் திப்புவின் கையில் இருக்கும்வரை வழியில் ஒரு மூட்டை அரிசிக்கும் பாதுகாப்பில்லை. அதனால்தான் நந்தி மலைமேல் இருந்த கோட்டையான நந்திதுர்க்கம் குறியானது.

கடல்மட்டத்திலிருந்து 1,478 மீட்டர் உயரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் செங்குத்துப் பாறை. மேற்குச் சரிவில் மட்டும் ஏறலாம், அங்கே இரட்டை மதில். வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்கும். அந்தச் சரிவில்தான் காடு வெட்டி, பாறைகளுக்கிடையே தடம் போட்டு, மேலிருந்து குண்டு பாயும்போதே பீரங்கிகளை ஏற்றினார்கள். யானைகள் இழுத்தன. பீரங்கிமேடைகள் எழும்பவே ஏறக்குறைய இரண்டு வாரம் பிடித்தது. மதில் உடைந்ததும், அக்டோபர் 19 அன்று நிலவொளியில் ஜெனரல் மெடோஸ் தலைமையில் பாய்ந்தார்கள். காவற்படையினர் பெரும் பாறைகளை உருட்டிவிட்டார்கள். அன்றைய காயங்களில் பெரும்பாலானவை அவற்றால் வந்தவை. மூன்று வாரம் தாக்குப்பிடித்த அவர்களின் நெஞ்சுரத்தையும் நாம் மதிக்க வேண்டும்.

தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவரின் பெயர் எல்லா வரலாற்றிலும் இருக்கிறது. தடம் போட்டவர்களின் பெயர்களை எங்கே தேடுவது? அப்படைகளில் பாதை வெட்டுவதும் மண்மேடு கட்டுவதும் பயனியர்களின் பணி. 1780-இல் மதராஸ் ராஜதானியில் திரட்டப்பட்ட பயனியர் அணிகளின் வழிவந்ததுதான், இன்று நம் அல்சூரில் தலைமையகம் கொண்டிருக்கும் ராணுவப் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸ். அதன் வீரர்களை ராணுவமே ‘தம்பி’ என்று அழைக்கிறது. நந்திதுர்க்கத்தை வீழ்த்தியது கடைசி இரவின் பாய்ச்சலைவிட, மண்வெட்டி பிடித்த கைகள் போட்ட அந்தப் பாதைதான் என்பது என் உறுதியான கருத்து.

கிருஷ்ணகிரியைப் பாருங்கள். அதே ஆண்டு நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் பாதையும் போடவில்லை, மதிலை உடைக்கவும் முயலவில்லை. இரவோடு இரவாக ஏணி வைத்து ஏறிவிடலாம் என்று நம்பினார். கோட்டைக்குக் கீழே இருந்த ஊரான பேட்டை விழுந்தது. மேலிருந்து உருண்ட பாறைகளில் ஏணிகள் நொறுங்கின, படை பின்வாங்கியது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தாகி, கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் வட்டாரம் முழுவதும் கும்பினிக்குப் போனபோதுதான் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் அவர்கள் கைக்குப் போனது.