மதில்மேல் ஒரு சரம்

நேயர்களுக்கு வணக்கம்.

காய்ச்சல் விடாமல் அடித்தால் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரோட்டீன், அதாவது 'சி'யோடு வினைபுரியும் புரதம்) என்று ஒன்று இருக்கும். அந்த 'சி' ஒரு கிருமியின் சுவரிலிருந்து வந்தது. 1930இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த 'சி' என்ற பொருளை நோயாளிகளின் ரத்தநீரில் கலந்தார்கள். ரத்தநீரிலிருந்த ஏதோ ஒரு புரதம் அதைப் பற்றிக்கொண்டு அடியில் படிந்தது. அந்த 'சி' ஒரு டெய்க்கோயிக் அமிலம்.

இந்தப் பெயர் பிறந்தது 1958இல், இங்கிலாந்தின் நியூகாசிலில், ஜேம்ஸ் பேடிலியின் ஆய்வுக்கூடத்தில். கிரேக்க மொழியில் டெய்கோஸ் என்றால் மதில். கிராம் பாசிட்டிவ் எனப்படும் தடித்த சுவருள்ள பாக்டீரியாக்கள் பலவற்றில் செல் சுவரின் எடையில் ஏறக்குறைய பாதி இந்த அமிலம்தான்.

நம் மூக்கில் குடியிருந்து, சமயம் பார்த்துச் சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸை எடுத்துக்கொள்வோம். அதன் சுவர், பெப்டைடோகிளைக்கான் என்ற வலை. அந்த வலையில் கட்டிய பூச்சரம்போல டெய்க்கோயிக் அமிலம் நீண்டு நிற்கிறது. ஒரு ரிபிட்டால் (சர்க்கரை ஆல்கஹால்), ஒரு பாஸ்பேட், மறுபடி ரிபிட்டால், மறுபடி பாஸ்பேட் என்று சுமார் 40 கண்ணிகள். சரத்தை வலையோடு பிணைக்கும் முடிச்சு வேறு: ஒரு பாஸ்பேட், இரண்டு சர்க்கரைகள், பிறகு கிளிசரால் பாஸ்பேட். சில பாக்டீரியாக்களில் சரம் முழுவதுமே கிளிசராலால் ஆனது. ஆனால் சரம் மாறினாலும் முடிச்சு பெரும்பாலும் மாறுவதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இந்த முடிச்சுதான். சுவரில் கட்டாமல், கொழுப்பு நங்கூரத்தால் செல் சவ்வில் ஊன்றி நிற்கும் இன்னொரு வகையும் உண்டு. அது லிப்போடெய்க்கோயிக் அமிலம்.

பாஸ்பேட் ஒவ்வொன்றும் எதிர்மின்சுமை கொண்டது. அதனால்தான் சரம் மெக்னீசியம் அயனிகளை இழுத்து வைத்துக்கொள்கிறது. ஆனால் அதே மின்சுமை ஆபத்தையும் அழைக்கிறது. கிருமியைக் கொல்ல நம் உடல் சுரக்கும் சிறு பெப்டைடுகள் நேர்மின்சுமை உள்ளவை. சுவரை நோக்கி ஓடிவருகின்றன. கிருமி என்ன செய்கிறது? ரிபிட்டால்களில் அங்கங்கே அலனின் என்ற அமினோ அமிலத்தைக் கோத்துவிடுகிறது. அலனினின் அமினோ முனை நேர்மின்சுமை கொண்டது, ஈர்ப்பு தளர்ந்துவிடுகிறது. நம் புரதங்களில் இருப்பது எல் வடிவ அலனின். இங்கே கோக்கப்படுவது அதன் கண்ணாடிப் பிம்பமான டி வடிவம்.

ரிபிட்டாலில் ஒரு சர்க்கரையும் தொங்குகிறது. அது ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு கோணங்களில் ஒட்டக்கூடும். பெனிசிலின் குடும்பத்து மருந்தான மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸான எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியில், சர்க்கரையைப் பீட்டா கோணத்தில் ஒட்டவைக்கும் நொதியை மட்டும் ஆய்வாளர்கள் நீக்கிப் பார்த்தார்கள். ஆல்ஃபா சர்க்கரை இருந்தும் பயனில்லை. பெனிசிலின் குடும்ப மருந்துகளுக்கு அந்தக் கிருமி மறுபடியும் பணிந்தது.